முறுகல், மொறுமொறுப்பு, முறுமை: தின்பண்டத்தின் ஒரு குணத்துக்குக் கலைச்சொல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற ஐப்பசியில் குடியாத்தத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று செய்து விற்கும் தட்டை, கைமுறுக்கு, ஓமப்பொடி ஆகியவற்றைச் சுவைத்து மதிப்பெண் இடும் வேலைக்கு உதவியாகப் போயிருந்தேன். மதிப்பெண் படிவம் வேறோர் இடத்தில் தமிழாக்கப்பட்டு அச்சாகி வந்திருந்தது. ஆங்கிலத்தில் கிரிஸ்ப்னெஸ் என்று வழங்கும் குணத்துக்கு நேராக அதில் ‘உடையும் தன்மை’ என்று போட்டிருந்தார்கள். சுவைக்க வந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மா, அன்று காலையில் சுட்டெடுத்த தட்டையைக் கடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒன்பதுக்கு இரண்டு என்று எழுதினார். காரணம் கேட்டேன். “ஒடையற தட்டைய யாருங்க வாங்குவாங்க? டப்பாவுல போட்டு பஸ்ஸுல எடுத்துனு போனா தூளாயிடும். இது நல்லா மொறுமொறுன்னு கீது, ஒடையாது, அதான் ரெண்டு போட்டேன்” என்றார்.

அந்த அம்மாவின் மதிப்பெண்ணில் பிழை எதுவும் இல்லை. படிவம் உடைவதைக் கேட்டது. அவர் உடைவதற்கு விடை எழுதினார். அவர் வாயிலேயே சரியான சொல் இருந்தும் தாளில் அது இல்லாமல் போனதால், அன்றைய பன்னிரண்டு படிவங்களில் அந்த ஒரு கட்டத்தை முழுவதும் ஒதுக்க வேண்டியதாயிற்று. இந்தக் குணத்துக்கு ஒரு கலைச்சொல்லை நாம் ஒருமுறை நின்று நிதானமாகத் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

இந்தக் குணத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று இதற்கு முன் எழுதிய நண்பர்கள் மூன்று சொற்களை முன்வைத்திருக்கிறார்கள்: நொறுங்குதன்மை, மொறுமொறுப்புத்தன்மை, மொறுமை. இவற்றுள் முதலாவதைப் பற்றி நெடுகப் பேச வேண்டியதில்லை. கண்ணாடியும் வார்ப்பிரும்பும் வளையாமல் சட்டென உடைகிற இயல்பைப் பாடநூல்கள் நெடுங்காலமாக நொறுங்கும் தன்மை என்றே எழுதி வருகின்றன. அதே சொல்லைத் தட்டைக்கும் கொடுத்தால் குடியாத்தத்தில் நேர்ந்த குழப்பமே மீண்டும் நேரும்.

இரண்டாவதாகிய மொறுமொறுப்பு மக்கள் சொல். அதைக் கேட்ட மாத்திரத்தில் காதிலும் பல்லிலும் பண்டம் இருப்பது போலத் தோன்றுகிறது. உரிச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது தொல்காப்பியர் ‘இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி’ என்றார். மொறுமொறுப்பில் அந்த மூன்றும் ஒருங்கே நிற்கின்றன: பல்லில் எழும் ஓசையும் அதுவே, மனத்தில் தோன்றும் குறிப்பும் அதுவே, பண்டத்தின் பண்பும் அதுவே. பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் சமையல் குறிப்புக்கும் இதை விடச் சிறந்த சொல் வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. கலைச்சொல்லாக அதை ஏற்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு. கலைச்சொல் தனியே நிற்பதோடு முடிவதில்லை. அதோடு அளவி, இழப்பு, எல்லை, குறியீடு என்று பல சொற்கள் வந்து ஒட்ட வேண்டும். மொறுமொறுப்புத்தன்மையிழப்பு என்று ஓர் அட்டவணையின் தலைப்பில் எழுதிப் பாருங்கள். கட்டமும் போதாது, மூச்சும் போதாது.

ஒரு நண்பர் இதைச் செந்தமிழாக்கி ‘முறுமுறுப்பு’ என்று எழுதலாம் என்றார். அது கூடாது என்று வேலூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஊரின் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் வேதாகமத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மோசேக்கு விரோதமாக ‘முறுமுறுத்தார்கள்’ என்று வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு வாய்க்குள் முணகிக் குறைகூறுதல் என்று பொருள். யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் அவர்கள் முறுமுறுப்பது உணவைப் பற்றியே என்பதால் குழப்பம் இன்னும் கூடும். முறுமுறுப்பு வாய்க்குள் அடங்கிய மனக்குறையையும், மொறுமொறுப்பு வாய்க்குள் உடையும் பண்டத்தையும் குறிக்கும்படி ஓர் உயிரொலியை மாற்றி இரண்டையும் வேறாக்கியிருக்கிறது பேச்சுத் தமிழ். அந்த வேறுபாட்டைத் திருத்தம் என்ற பெயரில் அழிக்க நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது முன்மொழிவாகிய மொறுமை சுருக்கமானது, ஒட்டுவதற்கும் எளியது. ஆயினும் அதன் பகுதி நிற்க மாட்டேன் என்கிறது. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பிய நூற்பா. சலசல என்பதிலிருந்து சல என்பதை மட்டும் எடுத்தால் அது பொருள் தராதது போல, மொறுமொறு என்பதைப் பிளந்து ஒரு மொறுவை மட்டும் எடுத்து அதன்மேல் மை விகுதி ஏற்றினால் அடித்தளம் இல்லாத சுவராகிவிடும். மொறுக்கென்று கடித்தான் என்று ஒற்றையாகவும் சொல்கிறோமே என்று கேட்கலாம். அது ஒரு கடியின் ஓசை. பண்டத்தின் நிலைத்த குணம் ஆகாது. எனவே இரட்டையாக வராத, தனித்து வினையாக நடக்கிற ஒரு வேரைத் தேட வேண்டும். அந்த வேர் நம் எல்லார் வீட்டுத் தோசைக்கல்லிலும் இருக்கிறது.

‘ஒரு தோசை முறுகலா ஊத்துங்க’ என்று வேலூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கேட்காத நாள் கிடையாது. முறுகல் என்பது முறுகு என்ற வினையின் பெயர். முறுகுதலின் பழைய பொருள் திருகி இறுகுதல். அப்பர் ஐந்தாம் திருமுறையில், விறகில் தீயும் பாலில் நெய்யும் மறைந்திருப்பது போல இறைவன் மறைந்திருக்கிறான் என்று சொல்லி, ‘உறவுகோல் நட்டு உணர்வுக் கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய’ அவன் முன்னே நிற்பான் என்கிறார். மத்தைச் சுற்றிய கயிறு தளர்ந்திருந்தால் தயிர் கடைபடாது. இறுகும்படி இழுக்க வேண்டும். அந்த இறுக்கமே முறுக என்ற சொல்லில் இருக்கிறது. கயிறு முறுக்கேறியது என்கிறோம். உடல் முறுக்கேறியது என்கிறோம். ஈழத்துச் செய்தித்தாள்கள் இரு நாடுகளுக்கு இடையே ‘முறுகல் நிலை’ என்று எழுதும்போது உறவு இறுகிப் பதற்றமாகிவிட்டதையே சொல்கின்றன. தமிழகத்து வாசகர் சிலர் அதைப் படித்துத் தோசையை நினைத்துக்கொள்வதுண்டு, ஆனால் வேர் ஒன்றே.

முறுக்கு என்ற பண்டத்தின் பெயரையும் இங்கே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மொறுமொறுப்பாக இருப்பதால் முறுக்கு என்று பெயர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பெயர் வந்தது திரித்தலால். அரிசிமாவையும் உளுந்துமாவையும் பிசைந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கயிறு திரிப்பது போல் முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டே போகும் கைமுறுக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் எழாது. எங்கள் வீட்டில் என் அத்தை ஏழு சுற்று வரை கை எடுக்காமல் சுற்றுவார். எண்ணெயில் விழுவதற்கு முன்பே, பச்சை மாவாக இருக்கும்போதே, அதன் பெயர் முறுக்குத்தான்.

திருகுதல் எப்படித் தீயில் காய்ந்த பண்டத்தின் குணமாயிற்று? அப்பளத்தைத் தணலில் காட்டிப் பாருங்கள். சூடு பட்ட பக்கம் ஈரத்தை இழந்து சுருங்கும், சுருண்டு எழும், விறைத்துப் போகும். வெற்றிலையோ வாழையிலைத் துண்டோ அடுப்பருகில் கிடந்தாலும் அப்படியே நடக்கும். திருகலும் இறுகலும் காய்தலும் ஒரே கணத்தில் ஒரே பொருளில் நடப்பதால் ஒரு சொல்லே மூன்றையும் தாங்கிக்கொண்டது. ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதற்கு மிக நெருங்கி வருகிறது. கிரிஸ்பஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுருண்டது என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் சுருள்முடியைக் குறித்துவிட்டு, 16ஆம் நூற்றாண்டில்தான் எளிதில் நொறுங்கும் பொருளைக் குறிக்கத் தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தீயின் முன் பொருள் என்ன ஆகிறது என்பதை இரண்டு மொழிக்காரர்களும் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மலையாளத்தில் ‘மொரிஞ்ஞ’ தோசை என்பதும் நம் முறுகிய தோசைதான்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். குறுகு, குறுக்கு, குறுமை என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானே சிறியதாவது குறுகுதல். பிறர் சிறிதாக்குவது குறுக்குதல். அந்தப் பண்பு குறுமை. பெருகு, பெருக்கு, பெருமை என்பதும் இந்த அச்சில் வார்த்ததே. முறுகு, முறுக்கு என்ற இரண்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அங்கே ‘முறுமை’ என்ற சொல்லை வைக்க வேண்டும் என்பதே என் முன்மொழிவு. இதை இரட்டைக்கிளவியைப் பிளந்து எடுக்கவில்லை. வாழும் வினையொன்றின் வேரிலிருந்து, மொழி முன்பே பலமுறை நடந்த வழியில் நடந்து எடுக்கிறோம். முறுமையளவி, முறுமையிழப்பு, முறுமையெல்லை என்று ஒட்டிக்கொண்டே போகலாம். மறுமை, முறைமை ஆகியவற்றோடு கண் மயங்கும் என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அது ஓரளவு நியாயமே. ஆனால் முறுமை வரும் இடத்தில் பக்கத்திலேயே வற்றலோ ரஸ்க்கோ ஈரப்பதமோ இருக்கும். மறுமை வரும் இடத்தில் அவை இரா.

முறுகல் என்பதையே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். முறுகல் என்பது தீயில் ஒரு பண்டம் அடையும் பதம். சற்றுத் தவறினால் காந்தல். தோசை முறுகலாக வந்தது என்றால் நிறமும் மணமும் அதில் அடங்கும். பல்லில் நடப்பதை மட்டும் பிரித்து அளக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல் அதிகமாகச் சுமக்கிறது. அடுப்பறையில் முறுகல் இருக்கட்டும், பேச்சில் மொறுமொறுப்பு இருக்கட்டும், ஆய்வுத்தாளில் முறுமை இருக்கட்டும்.

அந்த ஆய்வுத்தாளில் முறுமை எதைக் குறிக்க வேண்டும்? எண்ணெயில் விழுந்த மாவின் நீர் ஆவியாகி வெளியேறும்போது உள்ளே நுண்ணிய வெற்றறைகள் உண்டாகின்றன. அவற்றின் மெல்லிய சுவர்களில் உள்ள மாவுச்சத்து, நீர் போய்விட்டதால் கண்ணாடியைப் போல் விறைத்த நிலையை அடைகிறது. பல் அழுத்தும்போது இந்தச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிகக் குறைந்த வளைவோடு, சட்சட்டென்று உடைகின்றன. ஒவ்வோர் உடைவும் ஓர் ஒலி. மொறு என்று ஒருமுறை சொல்லி நிறுத்தாமல் தமிழ் அதை இரட்டித்துச் சொல்வதன் உண்மை இதில் விளங்குகிறது. ஸ்வீடனில் பிர்கர் டிரேக் 1963இல் உணவு நொறுங்கும் ஒலிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். ஜேட்டா விக்கர்ஸ், மால்கம் போர்ன் இருவரும் 1976இல் முறுமையைச் செவிப்புலனோடு இணைத்து விளக்கினார்கள். 2004இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சம்பினி, ஸ்பென்ஸ் ஆகியோர் உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஒலியைக் கடிப்பவரின் காதிலேயே மாற்றிக் கேட்பித்தபோது, அதன் உயர் அதிர்வெண் ஒலியைக் கூட்டினால் அதே வறுவல் புதிதாகவும் முறுமை மிக்கதாகவும் தோன்றியது. ஆகவே முறுமைக்கு நாம் எழுதும் வரையறையில் பல்லோடு காதும் இடம்பெற்றாக வேண்டும்.

முறுமைக்கு எதிரான நிலைக்குத் தமிழில் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை, நமுத்தல் இருக்கிறது. நமுத்துப்போன முறுக்கு என்றால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஊசிப்போவது வேறு, கெட்டுப்போவது வேறு, நமுத்துப்போவது வேறு என்று மூன்றையும் மயங்காமல் பிரிக்கும் இந்த வினையை நினைக்கும்தோறும் எனக்கு மொழியின்மேல் மதிப்புக் கூடுகிறது. சித்திரை வெயிலில் வேலூரில் தட்டிலே திறந்து வைத்த முறுக்கு மாலைவரை அப்படியே இருக்கும்; ஐப்பசி மழையில், தீபாவளிக்குச் சுட்டதை மூடி போட மறந்தால் பொழுது சாய்வதற்குள் நமுத்துவிடும். காற்றின் ஈரம் சுவர்களுக்குள் ஏறி, விறைத்த மாவுச்சத்தை மீண்டும் இளகச் செய்கிறது. உணவில் பிணைப்பின்றி இருக்கும் நீரை 0 முதல் 1 வரை அளந்து சொல்லும் நீர்ச்செயல்திறன் 0.35க்கும் 0.50க்கும் இடைப்பட்ட ஓர் எல்லையைக் கடக்கும்போது பொரித்த, வறுத்த பண்டங்கள் பல முறுமையை இழக்கின்றன என்று கட்ஸ், லபுசா ஆகியோர் 1981இல் காட்டினார்கள். இந்த எல்லையை ‘நமுப்பெல்லை’ என்று சொல்லலாம் என்று கருதுகிறேன். தகர டின்னில் முறுக்கைப் பாதுகாத்த நம் பாட்டிமார் இந்த எண்ணை அறியாவிட்டாலும் எல்லையை அறிந்திருந்தார்கள்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பின்பற்றினால் நாம் தவறிவிடக்கூடிய ஓரிடம் உண்டு. அவர்கள் வறுவலுக்கும் ஆப்பிளுக்கும் கீரை இலைக்கும் கிரிஸ்ப் என்ற ஒரே சொல்லைப் போடுவார்கள். தமிழர் யாரும் வெள்ளரிப்பிஞ்சை மொறுமொறுவென்று இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. அது ‘நறுக்கென்று’ இருக்கும். வெள்ளரியின் செல்களில் நீர் நிறைந்து, உள்ளிருந்து சுவரை அழுத்தி விறைப்பாக வைத்திருக்கிறது. பல் பட்டதும் செல் வெடித்து நீர் தெறிக்கிறது. நீர் போனால் வெள்ளரி வதங்கும். நீர் வந்தால் முறுக்கு நமுக்கும். ஒன்றின் காரணம் மற்றொன்றின் கேடு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, தமிழுக்கும் பொருந்தாது. முறுமையைத் தீயால் உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஈரமுள்ள காய்கனிக்கு ‘நறுக்கு’ என்பதை அடியாகக் கொண்ட வேறொரு சொல்லை ஆக்க வேண்டும். நறுமை என்று எழுதினால் மணத்தோடு மோதும். ஆகவே இப்போதைக்கு ‘நறுக்குத்தன்மை’ என்று நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசியாக, ஆங்கிலத்தில் கிரன்ச் என்பது. வறுத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், கல்லைப் போன்ற பழைய சீடை ஆகியவற்றின் ஒலி தட்டையின் ஒலியை விடத் தாழ்ந்தது, தடித்தது. கிரிஸ்ப் என்று சொல்லப்படும் உணவுகளில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் மிகுந்தும், கிரன்ச் என்று சொல்லப்படுபவற்றில் 1,250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மேலோங்கியும் இருப்பதை 1995இல் டக்ரமோன் அளந்து காட்டினார். எங்கள் ஊர்க் குழந்தைகள் அதைக் ‘கறுக்குமொறுக்கு’ என்கிறார்கள். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை வட ஆற்காட்டோடு இருந்த தெலுங்கு ஊர்களில் ‘கரகர’ என்பார்கள்; ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளின் உருதுவில் ‘குர்குரா’ என்பார்கள். எல்லாமே ககரத்தில் தொடங்குகின்றன. அடிநாவில் எழும் ககரம் கடினமானதைக் கடிப்பதற்கும், இதழில் தொடங்கும் மகரம் மெல்லியது உடைவதற்கும் பொருந்தி வருவதாக என் காதுக்குப் படுகிறது. கரகரப்பு தொண்டைக் கட்டைக் குறித்துவிட்டதால் அது ஆகாது. கறுமுறுப்பு என்ற சொல்லின் பக்கம் என் மனம் சாய்கிறது; ஆனால் அதில் முறுவும் கலந்திருப்பதால், முறுமையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது உதவுமா என்று தெளிவு வரவில்லை. கடலைமிட்டாய் செய்பவர்களிடமும் கடலை வறுப்பவர்களிடமும் இதற்குத் தனிச்சொல் இருந்தால், நண்பர்கள் தங்கள் ஊரில் கேட்டு எழுத வேண்டுகிறேன். தை மாதத்தில் மீண்டும் குடியாத்தம் போகும்போது, புதிய படிவத்தில் முறுமை என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மொறுமொறுப்பு எவ்வளவு?’ என்று போட்டு, அந்த அம்மாவிடமே முதலில் கொடுக்கப் போகிறேன்.